ஒரே பேர், ரெண்டு இடம்

தெப்ராவ், ஜோகூர்பாரு
9 பிப்ரவரி 2025

ஷர்மைன் அக்காவுக்கு,

உன் தம்பி டாரில். நல்லா இருக்கியா? நாங்க இருக்கோம்.

மொதல்ல சிஸ்டர் வினிஃப்ரெட்டுக்கு ஒரு வணக்கம். எங்க அக்காவுக்கு வர்ற லெட்டர எல்லாம் நீங்கதான் மொதல்ல பிரிச்சுப் படிப்பீங்கன்னு அவ சொல்லிட்டுத்தான் போனா. படிங்க சிஸ்டர். கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும், கோச்சிக்காதீங்க. எஸ்பிஎம் பரிட்சைக்கு அப்புறம் பேனாவ புடிக்கிறது இப்பத்தான்.

அப்பா அப்படியேதான். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். காலையில மூணாவது மாடியிலேர்ந்து நான் தாங்கிப் புடிச்சு எறக்கணும். மத்தியானம் வேன் வந்து எறக்கி விட்டதும் மேல ஏத்தணும். லிஃப்ட் நீ மடத்துக்குப் போன மாசம் கெட்டது, இன்னும் அப்படியே கெடக்கு. கேட்டா ஸ்பேர் பார்ட் வரணுமாம். எங்கேர்ந்து வருது, கட்டுமரத்துலயா? தண்ணிய அளவா குடிங்கப்பான்னா, ஐஸ் கட்டிய வாயில ஒதுக்கிக்கிட்டு ஜெபமாலை சொல்றாரு. என்னப்பா வாயிலன்னு கேட்டா, "ஜெபத்துல பேசாதடா"ங்கிறாரு.

நான் இன்னும் ஹேமநாதன் அங்கிள் கம்பெனியிலதான். கார் கண்ணாடிக்கு டின்ட் ஒட்டுற கடைக்கு மேல மாடி. டயாலிசிஸ் சென்டருங்களுக்கு வேன் ஏற்பாடு பண்ற புரோகிராம்தான் எங்க பொழப்பு. அப்பா ஏறுற வேனும் அதுலதான் ஓடுது. காலேஜ்ல ரெண்டாவது வருசத்துல படிப்ப விட்டவன வேற எவன் எடுப்பான்? எடுத்தாலும் அப்பாவ ஏத்தி எறக்க நடுவுல ஓடிப்போக எவன் விடுவான்? அதனாலயே அவர எதுத்து ஒரு வார்த்தை பேச முடியல. கழுத்துல கயிறு, ஆனா நல்ல மனுசன் கையில இருக்கு. நல்ல மனுசன் கையில இருந்தாலும் கயிறு கயிறுதான?

புதுசா ஒரு வேல குடுத்திருக்காரு, கேளு. நாங்க எழுதுறது டைப்ஸ்கிரிப்ட்ங்கிற கம்ப்யூட்டர் பாஷை. அதுல ஒரு பேஷண்ட்னா என்னென்ன இருக்கணும், பேரு, ஐசி கார்டு நம்பர், எந்த நாள், எந்த வேன், எல்லாத்தையும் மொதல்லயே அறிவிச்சிரணும். அப்படி அறிவிக்க ரெண்டு வழி. ஒண்ணு இன்டர்ஃபேஸ்னு ஆரம்பிக்கும், இன்னொண்ணு டைப்னு ஆரம்பிக்கும். முக்கால்வாசி வேல ஒண்ணுதான். எங்க ஆபீஸ்ல அவனவன் இஷ்டத்துக்கு எழுதி வச்சிருக்கான். அங்கிள், அதான் எங்க பாஸ், எதையோ படிச்சிட்டு வந்து, "இனிமே எல்லாம் டைப்தான். இன்டர்ஃபேஸ்னு ஒண்ணு கண்ணுல படக்கூடாது. டாரில், நீ பாத்துக்க"ன்னுட்டாரு. பழசையெல்லாம் மாத்தணும், புதுசா எவனாச்சும் மாத்தி எழுதினா கம்ப்யூட்டரே அவன் எழுதுன புரோகிராம் கோட உள்ள விடக்கூடாது. எந்த ஸ்கூல் ரூலயும் மதிக்காத என்கிட்டயா இத குடுக்கணும்?

நீ சொல்லிட்டுப் போனபடி உன் நம்பருக்கு டாப் அப் போட்டுட்டேன். நம்பர் சாகாது. போன் அம்மா படத்துக்குக் கீழ டிராயர்ல ஆஃப்லயே கெடக்கு. கன்னியாஸ்திரி ஆகப் போறவளுக்கு எதுக்கு போன் நம்பர்னு நான் கேக்க மாட்டேன். சிஸ்டர், நீங்களும் கேக்காதீங்க.

உன் தம்பி,
டாரில்

⁂

நவதுறவியர் இல்லம், ஈப்போ
2 மார்ச் 2025

அன்புத் தம்பி டாரிலுக்கு,

இயேசுவின் சமாதானம் நம் வீட்டில் இருப்பதாக. உன் கடிதம் கிடைத்தது. சிரித்தேன், பிறகு சிரித்ததற்காக வருந்தினேன். அப்பாவிடம் ஐஸ் கட்டியைப் பிடுங்காதே. ஒரு சின்னக் கிண்ணத்தில் அன்றைக்கு உரியதை எண்ணிப் போட்டுக் கொடுத்துவிடு. கிண்ணம் காலியானால் அவரே பேசாமல் இருப்பார். நான் அப்படித்தான் செய்தேன்.

இங்கே நான் நலம். காலைப் பூசை, தோட்டம், சமையல், படிப்பு என்று நாள் போகிறது. நீ சொன்ன ஒரே மாதிரி எழுதும் சட்டம் எனக்குப் புரிந்தது. இங்கே துண்டை மூன்றாக மடிக்க வேண்டும். அம்மா பழக்கியபடி நான் இரண்டாக மடித்துவிடுவேன். யாரும் திட்டுவதில்லை. அலமாரியைத் திறந்தால் என் துண்டு மட்டும் தனியாகத் தெரியும், அவ்வளவுதான். அதுவே போதும், எடுத்து மறுபடி மடிக்கிறேன்.

ஆகஸ்டில் எங்கள் குழுவுக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவு வாழ்க்கைக்கு வாக்குக் கொடுக்கும் நாள். எனக்காக ஜெபித்துக்கொள். ஹேமநாதன் அங்கிளிடம் பணிவாக நட. மாதாமாதம் என் நம்பரை நினைவு வைத்திருப்பதற்கு நன்றி.

உன் அன்பு அக்கா,
ஷர்மைன்

⁂

தெப்ராவ்
23 மார்ச் 2025

அக்கா,

துண்டு கதை படிச்சேன். உன் துண்டு, உன் இஷ்டம். ஆனா நான் இப்ப அந்த அலமாரியத் தொறந்து பாக்குற சிஸ்டர் ஆயிட்டேன். (வணக்கம் சிஸ்டர், உங்கள சொல்லல.)

ரூல போட்டாச்சு. எவன் இன்டர்ஃபேஸ்னு எழுதினாலும் செவப்புக் கோடு, கோட் உள்ள போகாது. பக்கத்து சீட்டு ரூபேந்திரன், எனக்கு மேல பத்து வருச அனுபவம் உள்ளவரு. காலையில வந்ததும் கத்துறாரு. "டேய், நேத்து வரைக்கும் நான் எழுதினது தப்பா?" "தப்பில்லண்ணே, ஆனா விடாது." "யாரு விடாது?" "ரூல்ணே." "ரூல யாருடா போட்டது?" "நான்தாண்ணே." "அலமாக்! படிப்ப பாதியில விட்டவன்லாம் எனக்கு ரூலு!" அப்புறம் ஒரு தே ஓ டீ வாங்கிக் குடுத்து, தனக்கு மட்டும் விலக்கு குடுன்னு கெஞ்சினாரு. குடுக்கல. எனக்கே கொஞ்சம் சுகமா இருந்துச்சுக்கா, அதான் பயமா இருக்கு.

பழைய கோட மாத்துறதுக்கு ஒரே கட்டளை போதும், அதுவா மாத்திரும். மாத்துச்சு. ஒரே ஒரு எடத்துல மட்டும் சண்ட போட்டுச்சு. பேஷண்ட்ங்கிற ஒரே பேருல ரெண்டு பைல்ல அறிவிச்சிருக்காங்க. ஒண்ணு பெருசு, இன்னொண்ணு ரெண்டே வரி. ரெண்டு வரிய எழுதினது காளிதாஸ், எப்பவோ வேலய விட்டுட்டுப் போனவன். ஒரே ஆள எதுக்கு ரெண்டு வாட்டி சொல்லணும்? சின்னத தூக்கிட்டேன். அத நம்பி ஒரு மூலையில ஏதோ ஓடிக்கிட்டிருந்துச்சு, அதுவும் அழுதுச்சு. பழைய குப்பைன்னு அதையும் தூக்கிட்டேன். எல்லாம் பச்சையாச்சு. பாஸ் முதுகுல தட்டி நாசி பிரியாணி பொட்டலம் தப்பாவ் பண்ணிக் குடுத்தாரு. அப்பாவுக்கு ரெண்டு வாய் குடுத்தேன். உப்பு, தெரியும். திட்டாத.

இப்ப நெஜமான விசயம். சிங்கப்பூர்ல ஒரு கம்பெனி என்னை எடுத்துக்கிறேங்குது. சர்டிபிகேட் கேக்கல. ஒரு டெஸ்ட் வச்சாங்க, போட்டுக் காட்டினேன், பிடிச்சிருச்சு. ஆனா கோஸ்வே பாலம் தாண்டி போய் வர்றவன் விடியறதுக்கு முன்ன கெளம்பி இருட்டுனதுக்கு அப்புறம்தான் வீடு வந்து சேருவான். அப்பாவ யாரு எறக்குறது, யாரு ஏத்துறது? மே மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்.

அதனால கேக்குறேன். ஆகஸ்டுல நீ வார்த்தைப்பாடு குடுக்கப் போறியா, இல்ல வீட்டுக்கு வரப் போறியா? சிஸ்டர் படிச்சா படிக்கட்டும். எனக்குத் தெரியணும்.

டாரில்

⁂

நவதுறவியர் இல்லம், ஈப்போ
13 ஏப்ரல் 2025, குருத்து ஞாயிறு

அன்புத் தம்பி டாரிலுக்கு,

உன் திறமை கடல் தாண்டியும் தெரிந்திருக்கிறது என்று கேட்டு மனம் நிறைந்தது. அம்மா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பார்.

இன்று குருத்தோலைப் பவனி. ஓலைச் சிலுவை பின்னி அப்பாவுக்கு இதோடு அனுப்பியிருக்கிறேன். கட்டிலின் தலைமாட்டில் செருகி வை. டயாலிசிஸ் கை வீங்காமல் இருக்கிறதா? அந்தக் கையில் வாட்ச் கட்டக்கூடாது, தலைக்கு வைத்துப் படுக்கக்கூடாது. அவர் கேட்க மாட்டார், நீதான் பார்க்க வேண்டும்.

நீ கேட்டதற்கு இந்தக் கடிதத்தில் பதில் எழுத முடியாது. ஏன் என்று உனக்கே தெரியும். இது பலர் கை மாறி வரும் கடிதம். ஆண்டவர் உனக்கும் எனக்கும் வழி காட்டுவார். பொறுமையாக இரு.

நம்பரை மட்டும் விட்டுவிடாதே.

உன் அன்பு அக்கா,
ஷர்மைன்

⁂

தெப்ராவ்
18 மே 2025

ஷர்மைன்,

அப்பா விழுந்துட்டாரு. உசுரோட இருக்காரு. மொதல்லயே சொல்லிடுறேன், நீ மேல படிக்கணும்ல.

போன வாரம் வியாழக்கிழமை. வேன் ஓட்டுற செல்லப்பன் அங்கிளுக்கு உலு திராம் ரோட்டுல இன்ஜின் நின்னுபோச்சு. அவரு வழக்கம்போல போன்ல 'வேன் வராது'ன்னு அமுக்கிட்டாரு. அத அமுக்குனா அந்தந்த பேஷண்ட் வீட்டுக்கு மெசேஜ் போகும், வீட்டாளுங்க வந்து கூட்டிட்டுப் போவாங்க. அன்னைக்கு யாருக்கும் போகல.

ஏன் போகலன்னா, நான்தான். காளிதாஸ் எழுதுன ரெண்டு வரின்னு சொன்னேன்ல, அதுல இருந்தது வீட்டாளு பேரும் போன் நம்பரும். மூலையில ஓடிக்கிட்டிருந்த குப்பைதான் அந்த மெசேஜ அனுப்புறது. இன்டர்ஃபேஸ்ல ஒரே பேர ரெண்டு எடத்துல எழுதினா கம்ப்யூட்டர் ரெண்டையும் சேத்து ஒரே ஆளா எடுத்துக்கும். டைப்ல அப்படி கெடையாது, ஒரு பேருக்கு ஒரு எடம்தான். அதான் அன்னைக்கு சண்ட போட்டுச்சு. ரெட்டையா எழுதிட்டான்னு நெனச்சேன். ரெட்ட இல்ல, பாதிப் பாதி. நான் பாதி ஆள வெட்டிப் போட்டுட்டேன். வேன் கெட்டாத்தான அந்த மெசேஜ் போகும். ரெண்டு மாசமா வேன் கெடல, எவனுக்கும் தெரியல.

மத்தவங்க வீட்டுல எப்படியோ தேடிட்டு வந்துட்டாங்க. அப்பா சென்டர் வாசல்ல நின்னுருக்காரு. மழை. டயாலிசிஸ் முடிஞ்சா அவருக்கு தல சுத்தும், உனக்குத் தெரியும். பஸ் புடிக்கலாம்னு நடந்து லோங்காங் ஓரத்துல, சாக்கடை கல்லு மேல விழுந்துட்டாரு. வாழைப்பழம் பொரிச்சு பீசாங் கோரேங் விக்கிற ஒரு மலாய்க்கார மக்சிக்தான் ஓடி வந்து தூக்கியிருக்காங்க. வீட்டு நம்பர் சொல்லுங்க பாக்சிக்ன்னு கேட்டிருக்காங்க. அப்பாவுக்கு மனப்பாடமா தெரிஞ்ச ஒரே நம்பர் உன்னோடது. அந்தம்மா திரும்பத் திரும்ப அடிச்சாங்களாம். ஆஃப்ல இருக்குன்னு சொல்ல சொல்ல அப்பா, "புள்ள எடுப்பா, எடுப்பா, இன்னொரு வாட்டி அடிங்க"ன்னாராம்.

நான் நம்ம வீட்டு மாடிப்படிக்குக் கீழ வேனுக்கு நின்னுக்கிட்டு, எங்கடா காணோம்னு கடுப்புல இருந்தேன்.

கையில ரத்தம் கட்டி டயாலிசிஸ் லைன் அடைச்சுகிச்சு. கழுத்துல டியூப் போட்டிருக்காங்க. பேசுறாரு, சாப்புடுறாரு. பெட்ல படுத்துக்கிட்டு சொல்றாரு, "புள்ளைக்குச் சொல்லாதடா. ஜெபத்துல இருக்கும்."

பாஸ்கிட்ட போயி, நான்தான் தூக்கினேன்னு சொன்னேன். மூஞ்சி கறுத்துப் போச்சு. கத்துவாருன்னு பாத்தேன், கத்தல. "திரும்ப வை"ன்னாரு. "வச்சா ரூல் விடாது பாஸ். அது இன்டர்ஃபேஸாத்தான் இருக்கணும்." "அந்த எடத்துக்கு மட்டும் மேல ஒரு வரி போட்டு விலக்கு குடு. காரணம் எழுதணும்." எழுதினேன்: 'இது ரெண்டு எடத்துலதான் இருக்கும். ஒண்ண எடுத்தா ஒருத்தரு ரோட்டுல விழுவாரு.' பாத்துட்டு, "இங்கிலீஷ்ல எழுது லா"ன்னாரு. எழுதல. அவரும் அப்புறம் கேக்கல.

ஓடுதான்னு பாக்கணும்ல? அப்பா பேருல டெஸ்ட் பண்ணேன். என் போனுக்கு வரல. மறுபடி அமுக்குனேன், வரல. அப்பத்தான் அப்பா பேருக்கு நேரா யாரு நம்பர் இருக்குன்னு பாத்தேன். உன்னோடது. வீட்டுக்கு ஓடி வந்து டிராயரத் தொறந்து உன் போன ஆன் பண்ணேன். கொஞ்ச நேரம் கழிச்சு வந்துச்சு, மலாய்ல: மரியநாதனின் வேன் இன்று வராது, வீட்டார் வந்து அழைத்துச் செல்லவும்.

அப்ப நான் அந்த ரெண்டு வரிய தொடாமலே இருந்திருந்தாலும், மெசேஜ் அம்மா படத்துக்குக் கீழ வந்து விழுந்திருக்கும்.

நீ போனதும் நம்பர மாத்தியிருக்கணும். தெரியும். ஆபீஸ்ல என் சீட்டுலேர்ந்தே மாத்தலாம். மாத்தல. மாத்துனா இங்கயே கெடக்கப் போறவன் நான்தான்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. நீ வருவ, வந்து பாத்துக்குவன்னு உன் பேர அப்படியே விட்டு வச்சேன். நீயும் நம்பர விட்டுறாதே விட்டுறாதேன்னு எழுதிக்கிட்டே இருந்த. நான் என்ன நெனப்பேன்?

இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லு. உன் நம்பர் முப்பதாம் தேதியோட முடியுது. டாப் அப் போடணுமா, வேணாமா? ஒரே வார்த்தை. ஆண்டவர் வழி காட்டுவாருன்னு எழுதாத.

சிஸ்டர் வினிஃப்ரெட், இன்னைக்கு உங்களுக்கு வணக்கம் இல்ல.

டாரில்

⁂

ஈப்போ
26 மே 2025

டேய் டாரில்,

நீ திட்டி எழுதின லெட்டர தோட்டத்துல நின்னுக்கிட்டே படிச்சேன். முடிச்சதும் வரப்பு மேலயே உக்காந்துட்டேன்.

ஒண்ணு சொல்லணும். இந்த லெட்டர யாரும் படிக்கல. எந்த லெட்டரையும் யாரும் படிச்சதில்ல. சிஸ்டர் வினிஃப்ரெட் பினாங்கு யுரேசியன்காரங்க, அவங்களுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. ஒட்டின கவர ஒட்டினபடி கையில குடுப்பாங்க. படிப்பாங்கன்னு நான்தான் உன்கிட்ட சொல்லிட்டு வந்தேன். நீ நேரா கேக்கக்கூடாதுன்னு. நீ கேட்டா நான் வந்துருவேன். அது எனக்குத் தெரியும்.

அம்மா போனப்ப எனக்குப் பதினாறு. அன்னையிலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் பசின்னு சொன்னாலும் என் பேரு, காய்ச்சல்னாலும் என் பேரு. குறையா சொல்லல. ஆனா இங்க வந்தப்பதான் ஒரு முழு நாள் யாரும் என்னை கூப்புடாம இருந்துச்சு. அழுதேன்டா, சந்தோசத்துல. இத எந்தப் பூசையில போயி சொல்றது? கடவுளத் தேடி வந்தேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அதுவும் உண்மைதான். இதுவும் உண்மை.

நம்பர உசுரோட வைக்கச் சொன்னது பயத்துல. முடியலன்னா ஓடியாந்துரலாம்னு ஒரு கதவு. ஒவ்வொரு வாட்டி மூச்சு முட்டுறப்பவும், தெப்ராவ்ல என் நம்பர் இருக்குன்னு நெனச்சுக்குவேன். அந்தக் கதவ நீ அங்க நின்னு தோள்ல தாங்கிக்கிட்டிருக்கேன்னு நான் யோசிக்கல. இல்ல, யோசிச்சேன். தள்ளி வச்சேன்.

அப்பாவப் பத்தி சிஸ்டர்கிட்ட சொன்னேன். போய்ப் பாத்துட்டு வான்னு உடனே சொன்னாங்க. பையக் கட்டினேன். பஸ் நேரம் வரைக்கும் கட்டில்லயே உக்காந்திருந்தேன். அந்தப் படியில அப்பாவ நீ தூக்கிட்டு வர்றத ஒரு வாட்டி பாத்தா நான் திரும்ப மாட்டேன். பஸ் போயிருச்சு. பையப் பிரிச்சு துணிய மறுபடி அடுக்கினேன்.

நான் செய்யறது நியாயம்னு சொல்லல. உன் சிங்கப்பூர நான்தான் எடுத்துக்கிட்டேன். அது எனக்குத் தெரிஞ்சேதான் எழுதுறேன்.

ஒரே வார்த்தை கேட்ட.

போடாத.

அக்கா

⁂

தெப்ராவ்
8 ஜூன் 2025

அக்கா,

உன் லெட்டர் ரெண்டாம் தேதிதான் வந்துச்சு. நான் முப்பதாம் தேதியே போட்டுட்டேன். ஒரு வருசத்துக்குப் போட்டேன். கேட்டவன் பதிலுக்குக் காத்திருக்கணும், தெரியும். என் பொறுமைதான் உனக்குத் தெரியுமே.

சிங்கப்பூர்காரனுக்கு வரலன்னு எழுதிட்டேன். ஏன்னு கேட்டான். லிஃப்ட் ரிப்பேர்னு சொன்னேன். ஜோக்குன்னு நெனச்சு சிரிப்பு பொம்ம அனுப்பினான்.

சிஸ்டர் வினிஃப்ரெட்டுக்கு என் மன்னிப்ப சொல்லு. தமிழ் தெரியாத மனுசிக்கு வணக்கம் வச்சு, வணக்கம் இல்லன்னு கோச்சிக்கிட்டு, அவங்க பாவம் ஒண்ணுமே தெரியாம இருந்திருக்காங்க. உன்னை எப்படி திட்டுறதுன்னு யோசிச்சு மூணு பேப்பர் கிழிச்சேன். திட்டு வரல. கோவம் போகல, அது இருக்கு. படியில அப்பாவ ஏத்துறப்பல்லாம் மூணாவது திருப்பத்துல உன்னை நெனச்சு பல்ல கடிக்கிறேன். இதையும் எழுதணும்ல? இனிமே யாரும் படிக்க மாட்டாங்கல்ல?

அப்பா பேருக்கு நேரா உன்னை எடுத்துட்டு என்னைப் போட்டுட்டேன். அமுக்குறதுக்கு முன்ன கொஞ்ச நேரம் கைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ரூபேந்திரன் அண்ணன் எட்டிப் பாத்து, "என்னடா, பெரிய ரூலா போடுற?"ன்னாரு. "சின்னதுண்ணே, ஒரு நம்பர்தான்"னேன். அமுக்கிட்டேன்.

உன் போன் இப்ப டிராயர்ல இல்ல. அப்பா சட்டைப்பையில இருக்கு. இனிமே வெளிய போனா கையில போன் இருக்கணும்னு சொல்லிட்டேன். வேற போன் வாங்கலாம்ப்பான்னா வேணாமாம், இந்த நம்பர்தான் அவருக்கு மனப்பாடமாம். எடுக்க மட்டும் பழக்கிவிட்டிருக்கேன். பச்சைய தள்ளுங்கப்பான்னா அதையும் ஜெபமாலை மணி மாதிரி மெதுவாத்தான் தள்ளுறாரு.

வார்த்தைப்பாடு முடிஞ்சா போன் தருவாங்களா, மடத்து ஆபீஸ் போன்லேர்ந்து பேச விடுவாங்களா, எனக்குத் தெரியாது. எப்பவாச்சும் கூப்புடணும்னு தோணுனா உன் நம்பருக்கே கூப்புடு. அவரு எடுப்பாரு. எடுத்ததும், யாரு என்னன்னு கேக்காம, "ஷர்மைன் இல்லைங்க, புள்ள மடத்துல இருக்கு"ன்னுதான் சொல்லுவாரு. யாரு கூப்புட்டாலும் இப்ப அதான் சொல்றாரு.

அதக் கேட்டுட்டு வச்சிராத.

டாரில்